டி டிரைவில் கை வைக்காதீங்க!

கேள்வி: வீட்டு கம்ப்யூட்டர் ரொம்ப மெதுவாகிவிட்டதென்று பென்டிரைவ் மூலம் விண்டோஸ் 10-ஐப் புதிதாக ஏற்றினேனுங்க. சி டிரைவை அழித்த பிறகு, டிஸ்க்கில் எம்பிஆர் பார்ட்டிஷன் டேபிள் இருக்கிறது, நிறுவ முடியாது என்று நின்றுவிட்டது. தறிக் கணக்கு முழுக்க டி டிரைவில் கிடக்கிறது. ஹார்டு டிஸ்க் போச்சுங்களா?
- வாசகர், சோமனூர்

பதில்: போகலைங்க, டிஸ்க் நன்றாகத்தான் இருக்கிறது. பென்டிரைவ் யுஇஎஃப்ஐ என்ற புதிய முறையில் பூட் ஆகியிருக்கிறது (அதாவது கம்ப்யூட்டர் அந்த முறையில் கிளம்பியிருக்கிறது). டிஸ்க்கை சி, டி என்று பிரித்த விவரத்தை எழுதி வைக்க எம்பிஆர், ஜிபிடி என்று இரண்டு வகை உண்டு. யுஇஎஃப்ஐ முறைக்கு டிஸ்க் ஜிபிடி வகையில் இருக்க வேண்டும், உங்களுடையது பழைய எம்பிஆர். அவ்வளவுதான் தகராறு.

கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் பூட் மெனுவைத் திறங்கள் (எஃப்12, எஃப்11, எஃப்8, கம்பெனிக்குக் கம்பெனி மாறும்). உங்கள் பென்டிரைவ் பெயர் அங்கே இரண்டு தடவை தெரியலாம். முன்னால் யுஇஎஃப்ஐ என்று போடாததைத் தேர்ந்தெடுங்கள். ஒன்றுதான் தெரிகிறதென்றால் பயாஸில் (கம்ப்யூட்டரின் அடிப்படை செட்டிங்ஸ்) சிஎஸ்எம் அல்லது லெகசி பூட் என்ற பழைய முறையை இயக்கிவிட்டு மறுபடி பாருங்கள். அப்புறம் டிரைவ் பட்டியலில் நீங்கள் அழித்த காலி இடத்தை மட்டும் தொட்டு நெக்ஸ்ட் கொடுங்கள்.

யாராவது டிஸ்க்பார்ட்டில் (டிஸ்க்கைப் பிரிக்கும் விண்டோஸ் கருவி) கிளீன் என்ற கட்டளையை அடித்து ஜிபிடிக்கு மாற்றச் சொல்வார்கள். வழி சரிதான், ஆனால் கிளீன் அடித்தால் டி டிரைவும் சேர்ந்தே போய்விடும்! அதைச் செய்வதானால் முதலில் உபுண்டு என்ற இலவச ஆபரேட்டிங் சிஸ்டத்தை பென்டிரைவிலிருந்தே ஓட்டி, தறிக் கணக்கை வேறு டிஸ்க்கில் காப்பி எடுத்துவிடுங்கள்.

இன்னொன்று, விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை (பாதுகாப்பு அப்டேட் தருவதை) மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ல் நிறுத்திவிட்டது. பேங்க் வேலையெல்லாம் இதில் பார்ப்பவராக இருந்தால் யோசித்துக்கொள்ளுங்க.