கடல்பனியும் வெயிலும்: உங்கள் கேள்விகள், என் பதில்கள்

கடல்பனி வெயிலைத் திருப்பி அனுப்புகிறது என்று எழுதியிருந்தேன். அதைப் பற்றிப் போன வாரம் குழுவில் கேட்டவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன். புதிதாக வந்தவர்களுக்கு: நான் தண்டையார்பேட்டை. குளிர்பதன இயந்திர வேலை. ஒரு கோடைக்காலம் முழுக்க அண்டார்டிகாவில் நம் நாட்டின் பாரதி ஆய்வு நிலையத்தில் பராமரிப்புப் பணியில் இருந்தேன். அன்று கண்முன்னே கிடந்த கடல்பனி இன்றுவரை என்னை விடவில்லை.

ஆரம்பிக்கும் முன் ஒன்று. கடல்பனி என்பது கடல்நீரே மைனஸ் 1.8 டிகிரியில் உறைந்து ஆவது. நிலத்தில் பெய்த பனி இறுகி வழியும் பனியாறு வேறு, அதிலிருந்து உடைந்து மிதக்கும் பனிப்பாறை வேறு. தயவுசெய்து மூன்றையும் ஒன்றாக்காதீர்கள்.

கொருக்குப்பேட்டை, பத்தாம் வகுப்பு மாணவி: வட துருவத்தில் வெயிலே சரியாக இருக்காதே சார், பனி எதைத் திருப்பி அனுப்புகிறது?

இருக்கும் அம்மா, நிறையவே இருக்கும். ஜூன் மாதம் அங்கே சூரியன் மறைவதே இல்லை. தாழ்வாகத்தான் சுற்றும், ஆனால் 24 மணி நேரமும் சுற்றும். ஜூன் 21 அன்று ஒரு நாள் கணக்கை எடுத்தால், காற்றுமண்டலத்தின் உச்சிக்கு வந்து சேரும் வெயில் நிலநடுக்கோட்டை விட வட துருவத்தில்தான் அதிகம்.

வருகிற வெயிலை வைத்துக்கொள்வதா, திருப்பி அனுப்புவதா என்பது மேலே என்ன கிடக்கிறது என்பதைப் பொறுத்தது. புது வெண்பனி மூடிய கடல்பனி நூற்றுக்கு 80 முதல் 90 பங்கைத் திருப்பிவிடும். வெண்பனி இல்லாத வெறும் கடல்பனி 50 முதல் 70. திறந்த கடல் வெறும் 6. பனி விலகிய இடத்தில் கடல் வெயிலைக் குடிக்கிறது, அந்தச் சூடு பக்கத்துப் பனியை அடியிலிருந்தும் ஓரத்திலிருந்தும் கரைக்கிறது, இன்னும் கொஞ்சம் கடல் திறக்கிறது. குளிர்காலம் வந்தாலும் சேர்த்த சூடு முழுக்க வெளியேறிய பிறகுதான் கடல் உறையும், அதனால் உறைவதும் தள்ளிப்போகிறது. செயற்கைக்கோள் கணக்கு 1979-லிருந்து தொடர்ச்சியாக இருக்கிறது. 1980-களில் செப்டம்பர் மாத ஆர்க்டிக் (வட துருவக் கடல்) பனி 70 லட்சம் சதுர கிலோமீட்டரை ஒட்டி இருந்தது. 2012 செப்டம்பரில், மிகக் குறைந்த நாளில், 34 லட்சத்துக்கு இறங்கியது.

காசிமேடு, விசைப்படகு வைத்திருப்பவர்: நடுக்கடலில் வெயில் கண்ணைக் கூச வைக்குதே, கடல் ஆறு பங்குதான் திருப்புதுன்னா எப்படி நம்புறது?

நல்ல கேள்வி அண்ணே. நீங்கள் பார்க்கும் அந்த மின்னும் கோடு சூரியன் இருக்கும் திசையில் மட்டும்தான். திரும்பி நின்று பாருங்கள், கடல் கறுத்துக் கிடக்கும். உச்சி வெயிலில் விழும் ஒளி பெரும்பாலும் நேரே உள்ளே இறங்கிவிடுகிறது. காலையிலும் மாலையிலும் சூரியன் தாழும்போது தண்ணீர் அதிகமாகத் திருப்பும். துருவத்திலும் சூரியன் தாழ்வுதான், அதனால் அங்கே கடல் நம் உச்சிவேளைக் கடலை விடக் கொஞ்சம் கூடுதலாகத் திருப்பும். ஆனாலும் பனி திருப்பும் அளவுக்குப் பக்கத்தில்கூட வராது.

திருவொற்றியூர்: கடல்பனி உருகினால் நம் ஊர் முழுகிவிடுமா?

முழுகாது. அது ஏற்கெனவே மிதக்கிறது. தன் எடைக்கான தண்ணீரை முன்பே தள்ளிவிட்டது. உருகுவது உப்புக் குறைந்த நீர் என்பதால் மிகச் சிறிய வித்தியாசம் மட்டும் வரும். கடல் மட்டத்தை உயர்த்துவது நிலத்தில் இருக்கும் பனியும், சூடேறி விரியும் கடல்நீரும். கிரீன்லாந்தின் பனி மொத்தமும் கரைந்தால் சுமார் 7 மீட்டர்.

காசிமேடு ஐஸ் கம்பெனி மேஸ்திரி: கரி படிஞ்சா பனி சீக்கிரம் கரையும்னு போன மாசம் எழுதினீங்க. நாங்க ஐஸ் பார் மேல மரத்தூள் போட்டு மூடுறோம். அதுவும் அழுக்கு நிறம்தான். ஐஸ் நிக்குதே?

இந்தக் கேள்வியில் ஒரு வாரம் போய்விட்டது. கீழே இருபது பேர் சண்டை போட்டிருக்கிறீர்கள். மேஸ்திரி சொல்வது சரி. 1800-களில் அமெரிக்காவின் பாஸ்டன் பக்கத்து ஏரிகளில் அறுத்த பனிக்கட்டி மரத்தூளுக்குள் வைத்துக் கப்பலில்தான் மெட்ராஸ் வந்தது. அதை வைக்கத்தான் 1842-ல் திருவல்லிக்கேணிக் கடற்கரையில் ஐஸ் ஹவுஸ் கட்டினார்கள்.

நான் எழுதியதும் சரி. வித்தியாசம் கனத்தில் இருக்கிறது. மெல்லிய கரித்தூள் வெயிலை வாங்கி, ஒட்டிக்கொண்டிருக்கும் பனிக்கு உடனே கொடுத்துவிடும். கை அகலக் கனத்தில் மரத்தூள் போட்டால் மேல்பக்கம் சுடும், ஆனால் உள்ளே அடைபட்ட காற்று அந்தச் சூட்டைக் கீழே இறங்க விடாது. பனியாறுகள் மேல் மண்ணும் கல்லும் கிடப்பதிலும் இதே கதைதான்: லேசாகத் தூவினாற்போல் இருந்தால் உருகல் கூடும், சில அங்குலத்துக்கு மேல் கனத்தால் குறையும்.

"என் வீட்டு மாடியில் கரி தூவிய துண்டும் தூவாத துண்டும் ஒன்றாகத்தான் கரைந்தது" என்று பழைய வண்ணாரப்பேட்டைத் தம்பி படம் போட்டிருந்தார். தம்பி, நம் ஊர்க் காற்றே 35 டிகிரி. இங்கே பனியைக் கரைப்பதில் பெரும்பங்கு அந்தக் காற்றுக்குத்தான். போதாததற்கு உருகிய தண்ணீர் கரியைக் கழுவிக்கொண்டு போயிருக்கும். ஆர்க்டிக் கோடையில் பனிமேல் காற்று பூஜ்ஜியத்தை ஒட்டியே இருக்கும். அங்கே கரைக்கும் வேலையில் பெரும்பங்கு வெயிலுக்கு. அதனால்தான் நிறம் அங்கே அவ்வளவு முக்கியம்.

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கடல்பனி மேல் பெய்யும் வெண்பனி இரண்டு வேலையும் பார்க்கிறது. கோடையில் வெள்ளையடித்த மாடி மாதிரி வெயிலைத் திருப்பும். இருட்டான குளிர்காலத்தில் மரத்தூள் மாதிரி மூடிக்கொண்டு, கீழே இருக்கும் கடலின் சூடு வெளியேறாமல் தடுக்கும். அதனால் கடல்பனி கனமாக வளர முடியாது. ஒரே போர்வை, ஒரு பருவத்தில் காப்பாற்றுகிறது, இன்னொரு பருவத்தில் வளர்ச்சியைக் கெடுக்கிறது.

ராயபுரம்: பனி உருகினால் ராயபுரம் முழுகுமா?

திருவொற்றியூருக்குச் சொன்ன பதில்தான்.

வியாசர்பாடி, கல்லூரி மாணவர்: பனிக்கு அடியில் இருட்டாகத்தானே இருக்கும்? உயிர் எப்படி?

கோடையில் பனியின் மேல் உருகிய நீர் குட்டை குட்டையாகத் தேங்கும். நீலமாக, அழகாக இருக்கும். ஒரு வருடம்கூட ஆகாத புதுப் பனி தட்டையாக இருப்பதால் அதில் குட்டைகள் பரந்து, சில நேரம் பாதிப் பரப்பை மூடிவிடும். குட்டை 20 முதல் 40 பங்கு வெயிலைத்தான் திருப்பும். மீதியில் ஒரு பகுதி பனியைத் துளைத்துக் கீழே போகும், கூரையில் கண்ணாடி ஓடு பதித்த மாதிரி. 2011-ல் அலாஸ்காவுக்கு மேலே சுக்சி கடலில் ஒரு நாசா ஆய்வுக் குழு ஏறத்தாழ ஒரு மீட்டர் கனப் பனிக்கு அடியில் மிதவைத் தாவரங்கள் (கடல்நீரில் மிதக்கும் நுண்பாசி) பச்சைப்பசேலென்று பெருகியிருந்ததைக் கண்டது. அதுவரை பனி விலகிய பிறகுதான் அந்தப் பெருக்கம் தொடங்கும் என்று நினைத்திருந்தார்கள். பனியின் அடிப்புறத்தில், உப்புநீர் ஓடும் நுண்குழாய்களுக்குள்ளும் பாசி வாழ்கிறது. அதைத் தின்னும் சின்ன இறால் போன்றவை, அவற்றைத் தின்னும் துருவ மீன், அப்புறம் சீல், கரடி. இதை விரிவாக எழுத ஆசை; தனியாக எழுதுகிறேன்.

மாதவரம்: ஃபிரிட்ஜில் ஐஸ் அதிகம் கட்டுகிறது, என்ன செய்ய?

கதவு ரப்பரைப் பாருங்கள். மற்றதை மெக்கானிக்கிடம் கேளுங்கள்.

எண்ணூர்: கடல்பனி உருகி எண்ணூர் முழுகும் என்று ஒரு வீடியோ...

மேலே இரண்டு தடவை இருக்கிறது. கடல்பனி வேறு, பனியாறு வேறு. படித்துவிட்டுக் கேளுங்கள்.

பெரம்பூர்: மகள் மணாலிக்குச் சுற்றுலா போகிறாள். கூலிங் கிளாஸ் அவசியமா?

கட்டாயம் வாங்கிக் கொடுங்கள். பனி திருப்பும் ஒளியில் புற ஊதாக் கதிரும் உண்டு, கீழிருந்து வந்து கண்ணைச் சுடும். சுடும்போது தெரியாது, சில மணி நேரம் கழித்துக் கண்ணில் மணல் போட்ட மாதிரி உறுத்தும். மேகமூட்டம் என்று கழற்றிவிடவும் கூடாது. பாரதியில் என்னோடு இருந்த ஒருவர் அரை நாள் கண்ணாடியில்லாமல் வேலை பார்த்துவிட்டு இரண்டு நாள் இருட்டறையில் படுத்திருந்தார். ஆர்க்டிக் பகுதியில் வாழும் இன்யூட் மக்கள் எலும்பிலும் கொம்பிலும் மெல்லிய கீறல் வைத்த கண்ணாடி செய்து அணிந்தது இதற்காகத்தான். பக்கவாட்டிலும் மூடிய கண்ணாடியாகப் பார்த்து வாங்குங்கள், புற ஊதாத் தடுப்பு இருக்கிறதா என்று கடையில் கேளுங்கள்.

மேஸ்திரி மறுபடியும்: அப்போ மரத்தூளை வெள்ளையா மாத்தினா இன்னும் நல்லா நிக்குமா?

வெயிலில் கிடக்கும் பாருக்குக் கொஞ்சம் நிற்கும். கொட்டகை நிழலில் இருப்பதற்கு வித்தியாசம் தெரியாது. அதைவிட ஈரமான தூளை மாற்றுங்கள் அண்ணே. நனைந்த தூளில் காற்று இருந்த இடத்தைத் தண்ணீர் பிடித்துக்கொள்ளும், சூடு நேரே இறங்கிவிடும்.