கட்சி மாறிய பிறகும் திருநாவுக்கரசர் எப்படித் தொடர்ந்து வென்றார்?

கட்சி மாறும் தலைவர்கள் பெரும்பாலும் காணாமல் போகும்போது சு. திருநாவுக்கரசர் மட்டும் எப்படி நிலைத்தார் என்று கேட்டிருக்கிறீர்கள். அறந்தாங்கிதான் முக்கியக் காரணம் என்பது என் கருத்து. 1977 முதல் 1996 வரை நடந்த ஆறு சட்டமன்றத் தேர்தல்களிலும் அத்தொகுதி அவரையே தேர்ந்தெடுத்தது, அவர் சார்ந்திருந்த அ.தி.மு.க. மாநிலம் முழுவதும் நான்கே இடங்களில் வென்ற 1996இலும் அங்கே அவர் தோற்கவில்லை என்பதிலிருந்து, அந்த வாக்குகளில் கணிசமான பகுதி சின்னத்துக்கு மட்டும் விழுந்தவை அல்ல, அவருக்காகவும் விழுந்தவை என்பது தெளிவாகும்.

பின்னர் எம்.ஜி.ஆர். அ.தி.மு.க. என்ற தனிக்கட்சி கண்டு, பா.ஜ.க. கூட்டணியில் 1999இல் புதுக்கோட்டை மக்களவை உறுப்பினரானார். 2002இல் கட்சியைப் பா.ஜ.க.வுடன் இணைத்து மத்திய இணையமைச்சரானார். ஆனால் தொகுதி மறுவரையறையில் புதுக்கோட்டை மக்களவைத் தொகுதியே மறைந்து, அறந்தாங்கி இராமநாதபுரத்தோடு சேர்க்கப்பட்டதால், 2009இல் இராமநாதபுரத்தில் போட்டியிட்டுத் தோற்றார். அதே ஆண்டு காங்கிரசில் சேர்ந்தார். 2016இல் அதன் மாநிலத் தலைவரானதும், 2019இல் தி.மு.க. கூட்டணியில் திருச்சியில் வென்றதும் அவரது அனுபவத்துக்கும் கூட்டணி பலத்துக்கும் கிடைத்தவை. அறந்தாங்கியில் அவர் குடும்பத்தின் செல்வாக்கு தொடர்ந்தது. 2021இல் அவருடைய மகன் அங்கே காங்கிரஸ் சார்பில் சட்டமன்ற உறுப்பினரானார்.