மலையோட்டம்: கேட்டவர்களுக்கு என் பதில்கள்

கோத்தகிரி, குன்னூர் பக்கம் நீண்டதூர மலையோட்டத்துக்குப் பெயர் கொடுத்திருப்பவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. பாதி பேர் முதல் தடவை மலைக்கு வருகிறவர்கள் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

திருப்பூரிலிருந்து: அக்கா, 21 கிலோமீட்டர் அரை மாரத்தானை இரண்டு மணி நேரத்தில் முடிப்பேன். இது 50 கிலோமீட்டர், மொத்த ஏற்றம் 2,000 மீட்டர் என்கிறார்கள். ஐந்து மணி நேரத்தில் முடித்துவிடலாமா?

முடியாது தம்பி. ரோட்டுக் கணக்கு இங்கே செல்லாது. ஏறுகிற ஒவ்வொரு 100 மீட்டருக்கும் ஒரு கிலோமீட்டர் கூட்டிக்கொள்ளுங்கள். அப்படிப் பார்த்தால் உங்கள் ஓட்டம் 70 கிலோமீட்டர். கிலோமீட்டருக்கு ஏழரை நிமிடம் வைத்தாலே எட்டே முக்கால் மணி நேரம் ஆகிறது. சாப்பிட, தண்ணீர் பிடிக்க, வழுக்குப் பாறையில் மெதுவாக இறங்க என்று சேர்த்துப் பத்து மணி நேரத்துக்குத் திட்டம் போடுங்கள். செங்குத்தான ஏற்றத்தில் நடப்பது தப்பே இல்லை. முன்னணியில் ஓடுகிறவர்களும் நடக்கத்தான் செய்கிறார்கள்.

சென்னையிலிருந்து: எங்கள் ஊரில் மலையே இல்லை. ஏற்றத்துக்கு எப்படிப் பயிற்சி எடுப்பது?

எல்லோரும் ஏற்றத்தையே கேட்கிறீர்கள். ஆளைச் சாய்ப்பது இறக்கம். ஏற்றத்தில் மூச்சு வாங்கும், வேகத்தைக் குறைத்தால் அடங்கிவிடும். இறக்கத்தில் அப்படி இல்லை. ஒவ்வொரு அடியிலும் தொடையின் முன்பக்கத் தசை நீண்டுகொண்டே உடம்பைப் பிடித்து நிறுத்த வேண்டும். அந்த இழுவையில்தான் தசையின் இழைகள் சேதமாகின்றன. பாதி ஓட்டத்திலேயே தொடை நடுங்க ஆரம்பித்தால் வாழைப்பழமும் உப்புத் தண்ணீரும் அதைச் சரிசெய்யாது.

நல்ல செய்தி என்னவென்றால், தசை இதைச் சீக்கிரம் கற்றுக்கொள்ளும். ஒருமுறை நன்றாக இறங்கி வலி கண்ட தொடை, அடுத்த சில வாரங்களுக்கு அதே வேலையை வலி குறைவாகச் செய்யும். அதனால் அடுக்குமாடிப் படிக்கட்டு, பரங்கிமலைப் படிகள், மேம்பாலச் சரிவு என்று எது கிடைத்தாலும் ஏறுவதோடு இறங்குவதையும் பயிற்சியாக எடுங்கள். முடிந்தால் போட்டிக்கு மூன்று வாரம் முன்பு ஒருநாள் மலைப்பகுதிக்கு வந்து நீண்ட இறக்கம் ஒன்றை ஓடிவிடுங்கள். கடைசி வாரத்தில் வேண்டாம், வலி ஆறாது.

இறங்கும்போது அடி சின்னதாக இருக்கட்டும், முட்டி லேசாக மடங்கட்டும், பார்வை மூன்று நான்கு மீட்டர் முன்னால் போகட்டும். தேயிலைத் தோட்டத்துக்குள் கவாத்து செய்த, அதாவது செடிகளின் கிளையை வெட்டிவிட்ட, இடமாக இருந்தால் கூடுதல் கவனம். வெட்டிப் போட்ட மிளாறு (சிறு குச்சிகள்) பாதையில் உருண்டு கிடக்கும், அதன்மேல் சில்வர் ஓக் மரத்தின் சருகு மூடியிருக்கும். கால் வைத்ததும் குச்சி உருளும், கணுக்கால் மடங்கும். அந்த இடங்களில் நான் நடந்தே இறங்குவேன்.

மதுரையிலிருந்து: உயரத்தில் மூச்சுத் திணறுமா?

ஊட்டி சுமார் 2,240 மீட்டர், கோத்தகிரி அதைவிடத் தாழ்வு. முதல் நாள் கொஞ்சம் மூச்சு இளைக்கும், அவ்வளவுதான். முதல் ஒரு மணி நேரம் பேசிக்கொண்டே ஓடும் வேகத்தில் போங்கள்.

கோவையிலிருந்து: நிறையத் தண்ணீர் குடித்தால் போதும்தானே அண்ணி?

போதாது. அளவுக்கு மீறினால் ஆபத்தும்கூட. வெறும் தண்ணீரைக் குடித்துக்கொண்டே போனால் ரத்தத்தில் சோடியம் குறையும். தலைவலி, வாந்தி, குழப்பம் என்று ஆரம்பித்து வலிப்பு வரை போகலாம். தாகத்துக்குக் குடியுங்கள், உப்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மாவுச்சத்து மணிக்கு 30 முதல் 60 கிராம் வேண்டும். ஒரு வாழைப்பழத்தில் சுமார் 25 கிராம் வந்துவிடும். கூடவே கடலை மிட்டாய், உப்புப் போட்டு வேகவைத்த உருளைக்கிழங்கு. வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓடாதீர்கள், நீர் வற்றிய உடம்பில் அது சிறுநீரகத்தைப் பாதிக்கும்.

ஈரோட்டிலிருந்து: மழைக்கோட்டு கட்டாயம் என்கிறார்கள். வெயில் நாளில் எதற்குச் சுமை?

2021 மே மாதம் சீனாவின் கான்சு மாகாணத்தில் 100 கிலோமீட்டர் மலையோட்டம் நடந்தது. நடுவழியில் ஆலங்கட்டி மழையும் கடும் காற்றும் பிடித்துக்கொள்ள, 21 பேர் இறந்துபோனார்கள். மெல்லிய உடையோடு ஓடியவர்கள் பலர். நம் மலை அவ்வளவு குளிராது என்றாலும், நனைந்த பனியனோடு காற்றடிக்கிற முகட்டில் கால் சுளுக்கி உட்கார நேர்ந்தால் அரை மணி நேரத்தில் உடம்பு வெடவெடக்கும். கோட்டு, விசில், தலைவிளக்கு மூன்றையும் கட்டாயப் பொருள்களின் பட்டியலில் இருக்கிறதோ இல்லையோ எடுத்துக்கொள்ளுங்கள்.

திண்டுக்கல்லிலிருந்து: காட்டுமாடு எதிரே வந்தால்? முன்கூட்டியே வந்து பாதையில் ஓடிப் பார்க்கலாமா?

நில்லுங்கள். பக்கத்தில் உரசிக்கொண்டு ஓடாதீர்கள், படம் எடுக்காதீர்கள். அது நகரும்வரை பின்வாங்கிக் காத்திருங்கள், நேரம் போனால் போகட்டும். விடியலிலும் அந்தியிலும் கரடி நடமாட்டம் உண்டு, காதில் இயர்போன் வேண்டாம், வளைவுகளில் சத்தமாகப் பேசிக்கொண்டே போங்கள்.

காப்புக்காட்டுக்குள் அனுமதி இல்லாமல் தனியாக நுழையவே கூடாது. 2018 மார்ச்சில் குரங்கணி காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் எத்தனை பேரை இழந்தோம் என்பது தேனிக்குப் பக்கத்து ஊர்க்காரரான உங்களுக்குத் தெரியும். பயிற்சிக்குத் தோட்டச் சாலையும் ஊர்ச் சாலையும் தாராளமாக இருக்கின்றன. தோட்டத்துக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டால் சரி.

சேலத்திலிருந்து: புது ஷூ வாங்கட்டுமா?

இப்போதே வாங்கி ஓடிப் பழகுங்கள், போட்டியன்று புதுசு ஆகாது. இறக்கத்தில் விரல் முன்னால் இடிக்கும், அதனால் கட்டைவிரல் அகலத்துக்கு முன்னால் இடம் விட்ட அளவாகப் பாருங்கள். இரண்டு நாள் முன்பே நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள்.