தாளின் ஓரம் – கடிதமும் பதிலும்

வணக்கம்.

நான் ஓவியக் கல்லூரியில் படித்துவிட்டு இப்போது ஓர் அரசுப் பள்ளியில் ஓவிய ஆசிரியராக இருக்கிறேன். எங்கள் பேராசிரியர் இரண்டு மாதங்களுக்கு முன்பு காலமானார். இரங்கல் கூட்டத்தில் மூத்த ஓவியர் ஒருவர், “பாடம் எடுத்தே தன்னை வீணாக்கிக்கொண்டார், வேலையை விட்டிருந்தால் பெரிய ஓவியராகியிருப்பார்” என்று பேசினார். சார் வரைந்து வைத்தது மொத்தமே 40 படங்கள்தான். ஆனால் 31 ஆண்டுகள் எங்களோடே இருந்தார். எங்கள் படத்தின் மேல் ஒருநாளும் கை வைத்ததில்லை. பக்கத்தில் வந்து உட்கார்ந்து, தாளின் ஓரத்தில் கரித்துண்டால் ஒரு தோளையோ முழங்காலையோ வரைந்து காட்டிவிட்டு எழுந்து போய்விடுவார். அந்தப் பேச்சைக் கேட்டதிலிருந்து மனசே சரியில்லை. நண்பர்கள் சிலை வைக்கலாம், விருது கொடுக்கலாம் என்கிறார்கள். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.)

*

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் இழப்புக்கு என் வருத்தங்கள். அந்த மூத்த ஓவியர் மேல் கோபப்படாதீர்கள். உங்கள் சார் இன்னும் நிறைய வரைந்திருக்கலாமே என்ற ஆதங்கத்தில்தான் அவரும் பேசியிருப்பார். நேரம் போதாமல் போனதும் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அவர் எண்ணிய கணக்கில் ஒரு பெரிய பகுதி விட்டுப்போயிருக்கிறது. அது என்னவென்று நீங்களே உங்கள் கடிதத்தில் எழுதியிருக்கிறீர்கள்.

வங்காள ஓவியர் அபனீந்திரநாத் தாகூர் தன் நினைவுகளில் ஒரு சம்பவம் சொல்கிறார். அவருடைய மாணவர் நந்தலால் போஸ், உமை தவம் செய்வதைப் படமாக வரைந்து கொண்டுவந்து காட்டினார். வண்ணம் ரொம்பக் குறைவு. உமைக்குக் கொஞ்சம் அலங்காரம் செய், நெற்றியில் சந்தனமாவது வை என்கிற மாதிரி குரு சொல்லி அனுப்பிவிட்டார். அன்று இரவு அவருக்குத் தூக்கம் வரவில்லை. தவத்தில் இருக்கிற உமையை நந்தலால் அப்படித்தானே கண்டிருக்கிறான், கல் மாதிரி இறுகிப்போனவளுக்குச் சந்தனம் எதற்கு, அவன் கண்டதை மாற்றச் சொல்ல நான் யார் என்று புரண்டிருக்கிறார். விடிந்ததும் நந்தலாலிடம் ஓடினார். மாணவர் வண்ணத்தை எடுத்துவைத்துக்கொண்டு திருத்த உட்கார்ந்திருந்தார். நல்லவேளை, தூரிகை இன்னும் படத்தில் படவில்லை.

அபனீந்திரர் ஓர் இரவு முழுக்கத் தூக்கம் கெட்டுக் கற்றுக்கொண்டதை உங்கள் சார் 31 ஆண்டுகள் தினசரி வழக்கமாகவே வைத்திருந்திருக்கிறார். மாணவனின் கோட்டை அழித்துத் தன் கோட்டைப் போடுவது சுலபம். படமும் உடனே அழகாகிவிடும். ஓரத்துக்குப் போவதற்கு வேறு மாதிரி மனசு வேண்டும்.

அந்த நந்தலாலின் மாணவர் வினோத் பிஹாரி முகர்ஜி. ஒரு கண் பிறவியிலேயே தெரியாது, இன்னொன்றிலும் பார்வை குறைவு. வங்காளத்தில் ரவீந்திரநாத் தாகூர் நிறுவிய சாந்திநிகேதனில், ஹிந்தி பவன் சுவர்களில் இடைக்கால பக்திக் கவிகளை அவர் பெரிய சுவரோவியமாக வரைந்தது 1946-47இல். அப்போது கூட நின்று வேலை செய்த மாணவர்களில் ஒருவர் கே.ஜி. சுப்ரமணியன். மலபாரில் குடியேறிய தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். சென்னை மாநிலக் கல்லூரியில் பொருளாதாரம் படிக்கும்போது 1942 ‘வெள்ளையனே வெளியேறு’ போராட்டத்தில் சிறை சென்று, அரசுக் கல்லூரிகளின் கதவு அவருக்கு மூடப்பட்டு, 1944இல் சாந்திநிகேதன் போய்ச் சேர்ந்தார்.

ஐம்பதுகளில் கண் அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு வினோத் பிஹாரிக்குப் பார்வை முழுதுமாகப் போயிற்று. அதற்கப்புறமும் சாந்திநிகேதனுக்குத் திரும்பிவந்து கலை வரலாறு கற்பித்தார். காகிதங்களை வெட்டி ஒட்டிப் படம் செய்தார். தன் வாழ்க்கையை வங்காள மொழியில் சொல்லி எழுதவைத்தார். அந்தப் புத்தகம் 2006இல் ஆங்கிலத்தில் வந்தது. மொழிபெயர்த்தவர் சுப்ரமணியன். அப்போது அவருக்கு 82 வயது.

நான் அடிக்கடி நினைத்துப்பார்க்கும் விஷயம் இது. அவர் நாடறிந்த ஓவியர். பரோடாவிலும் அப்புறம் சாந்திநிகேதனிலும் பல தலைமுறைகளுக்குக் கற்பித்தவர்; மாணவர்களுக்கு மணி சார், மணி தா (வங்காளத்தில் ‘தா’ என்றால் அண்ணன்). வரைய வேண்டிய வேலையே கைநிறைய இருந்தது. ஆனாலும் உட்கார்ந்து, தன் ஆசிரியரின் வார்த்தைகளை வரிவரியாக இன்னொரு மொழிக்குக் கொண்டுபோயிருக்கிறார். இளம் வயதில் அந்தச் சுவர் முன்னால் நின்றபோது கிடைத்தது எதுவோ, 60 ஆண்டுகள் கழித்தும் அவருக்குத் தேவைப்பட்டிருக்கிறது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. சுப்ரமணியனும் 2016இல் வதோதராவில் (அதே பரோடாதான்) மறைந்துவிட்டார். இன்று அவரைப் பற்றிப் பேசும் மாணவர்கள் அவருடைய படங்களைச் சொல்லும் அதே மூச்சில் அவர் வகுப்பையும் சொல்கிறார்கள்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். சிலை இப்போது வேண்டாம். விருதுக்கும் அவசரமில்லை. அந்தத் தாள்களைத் தேடுங்கள்.

31 ஆண்டுகள், ஆண்டுக்கு 20 மாணவர்கள் என்றே வையுங்கள். 620 பேர். ஆளுக்கு ஒரு தாள் பரணில் மிஞ்சியிருந்தாலும், அந்த 40 படங்களைப்போல் பதினைந்து மடங்கு வரைந்திருக்கிறார் உங்கள் சார். ஒவ்வொன்றும் குறிப்பிட்ட ஒரு பிள்ளைக்காக, அவன் தடுமாறிய அந்த இடத்துக்காக வரைந்தது. எல்லாவற்றையும் ஒரே கூடத்தில், மாணவரின் படத்தோடு சேர்த்தே மாட்டி வையுங்கள். அந்த மூத்த ஓவியரையும் கட்டாயம் அழையுங்கள்.

ஆனால் சீக்கிரம் செய்ய வேண்டும். ஃபிக்ஸேட்டிவ் (கரி கலையாமலிருக்கத் தெளிக்கும் திரவம்) அடிக்காத கரிக்கோடு தொட்டாலே கலைந்துவிடும். யாரும் தாளைச் சுருட்டி அனுப்ப வேண்டாம் என்று சொல்லுங்கள். தட்டையாக வைத்து, நடுவில் பட்டர் பேப்பர் போட்டு, நேரில் கொண்டுவரச் சொல்லுங்கள். வந்ததும் முதலில் வெயில் படாத பகல் வெளிச்சத்தில் போட்டோ எடுத்துவிடுங்கள். எந்த ஆண்டு, மாடலாக உட்கார்ந்தவர் யார், வரைந்துகொண்டே சார் என்ன சொன்னார் என்பதை அந்த மாணவரையே தனித்தாளில் எழுதித்தரச் சொல்லுங்கள். பத்திரமாக இருக்கட்டும் என்று யாராவது லேமினேஷன் போட்டுவிடப் போகிறார்கள், அதை மட்டும் செய்யவே கூடாது. சூட்டிலும் பசையிலும் ஒட்டிக்கொண்டால் பிறகு பிரிக்க முடியாது.

இன்னொன்று. ஃபிரேம் கடையில் கொடுக்கும்போது கூடவே நில்லுங்கள். படம் நடுவில்தானே இருக்கிறது என்று நினைத்து அவர்கள் ஓரத்தை வெட்டிவிடுவார்கள், இல்லையென்றால் மவுண்ட் அட்டையால் மறைத்துவிடுவார்கள். ஓரம்தான் முக்கியம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

அன்புடன்.