சூடானின் பிரமிடுகளும் குஷ் அரசும்: கேள்வி பதில்

நைல் நதியின் மேற்பகுதியில், இன்றைய சூடானில் இருந்த கெர்மா, நபாட்டா, மெரோவே அரசுகள்தான் நான் படித்த துறை. இவற்றைச் சேர்த்துக் குஷ் என்பார்கள். ஆப்பிரிக்காவின் மற்றப் பகுதிகளைப் பற்றிக் கேட்டவர்களுக்குச் சுருக்கமாகத்தான் சொல்ல முடியும். இன்னொன்று: படத்தை மட்டும் அனுப்பி ‘இது எந்தக் காலம்?’ என்று கேட்காதீர்கள். எந்த இடத்தில், எந்த மண்ணடுக்கில் கிடைத்தது என்று தெரியாத பொருளை வைத்துக்கொண்டு யாராலும் உருப்படியாக ஒன்றும் சொல்ல முடியாது.

திருச்சி வாசகர்: சூடானிலும் பிரமிடு உண்டாமே? எகிப்தைப் பார்த்துச் செய்த சின்ன நகல்தானே அது?

உண்டு. 200-க்கும் மேல் இருக்கின்றன, எகிப்தில் இருப்பதைவிட அதிகம். எல் குர்ரு, நூரி, ஜெபல் பர்கல், மெரோவே ஆகிய இடங்களில் அவற்றைப் பார்க்கலாம். வடிவம் எகிப்திலிருந்து வந்தது என்பதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் எகிப்து மன்னர்கள் தமக்குப் பிரமிடு கட்டுவதை விட்டு ஏறக்குறைய 800 ஆண்டுகள் ஆன பிறகு, கி.மு. 8-ஆம் நூற்றாண்டில், குஷ் மன்னர் பியே அதை மறுபடி கையில் எடுத்தார். அதன் பிறகு ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் அங்கே அது தொடர்ந்தது. இவ்வளவு காலம் வாழ்ந்த ஒரு மரபை நகல் என்று ஒரு சொல்லில் முடிப்பது நியாயமில்லை.

மெரோவே பிரமிடைப் பக்கத்தில் நின்று பார்த்தால் வித்தியாசம் தெரியும். கிசாவின் பெரிய பிரமிடு சுமார் 52 பாகை சாய்வு. மெரோவேயில் 70 பாகை வரை போகும், ஊசி மாதிரி நிற்கும். உள்ளே இடிகல்லும் மண்ணும், வெளியே வரிசையாக மணற்கல். மன்னரின் உடல் பிரமிடுக்குள் இல்லை, அதற்குக் கீழே பாறையைக் குடைந்த அறையில் இருக்கும். கிழக்கு முகத்தில் படையல் வைக்க ஒரு சின்னக் கோயில். இவ்வளவு செங்குத்தாக எப்படிக் கல்லை ஏற்றினார்கள் என்பதை ஃபிரீட்ரிஷ் ஹிங்கெல் என்ற ஜெர்மானியக் கட்டடக்கலைஞர் பல காலம் அங்கேயே இருந்து ஆராய்ந்தார். அவர் கண்ட விடை நமக்குப் புதிதல்ல: நம் ஊர் ஏற்றம். நடுவில் கம்பம், அதன் மேல் நீளக் கழி, ஒரு முனையில் கல், மறுமுனையில் எடை. பிரமிடு உயர உயர அதன் நடுவிலேயே ஏற்றமும் உயர்ந்தது. கழி எட்டும் தூரம்தான் அடிப்பாகத்தின் அகலம். அதனால்தான் பிரமிடு குறுகலாக, செங்குத்தாக வந்தது.

இன்னும் ஒன்று. அங்குள்ள ஒரு படையல் கோயிலின் சுவரில் ஒரு பிரமிடின் வரைபடமே கீறப்பட்டிருக்கிறது. நடுக்கோடு, அதற்கு ஒரு பக்கம் பாதிப் பிரமிடு, சம இடைவெளியில் குறுக்குக்கோடுகள். கொத்தனார்களுக்காகப் போட்ட கணக்கு அது. அளவு எடுத்து, வரைந்து, அதன்படி கட்டியிருக்கிறார்கள்.

சேலம் வாசகர்: இதையெல்லாம் வேற்றுக்கிரகவாசிகள் கட்டியிருக்க வாய்ப்பு உண்டா?

இல்லை. கட்டியவர்களின் வரைபடம் பற்றி மேலே சொல்லியிருக்கிறேன்.

சிங்கப்பூர் வாசகர்: மெரோவே படங்களில் எல்லாப் பிரமிடுகளின் தலையும் உடைந்தே இருக்கிறதே, நிலநடுக்கமா?

மனிதக் கைதான். எகிப்துப் படையில் மருத்துவராக இருந்த கியூசெப்பே ஃபெர்லினி என்ற இத்தாலியர் 1834-இல் புதையல் தேடி அங்கே போனார். அரசி அமனிஷகெட்டோவின் பிரமிடு அப்போது நன்றாகவே நின்றுகொண்டிருந்தது. அதை உச்சியிலிருந்து கீழ்வரை பிரித்துப் போட்டார். தங்கக் காப்புகள், கேடய வடிவ மோதிரங்கள், வண்ணக் கண்ணாடிப் பூச்சு வேலை செய்த பதக்கங்கள் கிடைத்தன. உச்சிக்குப் பக்கத்து அறையில் எடுத்ததாக அவர் எழுதிவைத்தார். அதை நம்பி, பின்னால் வந்தவர்கள் மற்றப் பிரமிடுகளின் உச்சிகளையும் உடைத்தார்கள்.

அந்த நகைகளை ஐரோப்பாவில் விற்கப் போனபோது பலர் போலி என்றார்கள். இவ்வளவு நுட்பமான வேலை ஆப்பிரிக்காவின் உள்நாட்டில் நடந்திருக்காது என்பதுதான் காரணம். கடைசியில் ஒரு பகுதியைப் பவேரிய மன்னர் வாங்கினார், மறுபகுதி பெர்லினுக்குப் போனது. இன்றும் மியூனிக்கிலும் பெர்லினிலும் இருக்கின்றன. சூடானில் அந்தப் பிரமிடு நின்ற இடத்தில் இருப்பது இடிபாடு.

காரைக்குடி வாசகர்: இணையத்தில் ‘நூபியா பாசிமணி மாலை’ விற்கிறார்கள். வாங்கலாமா?

நூபியா என்பது நான் சொல்லும் இதே நைல் பகுதியின் பெயர். வாங்காதீர்கள். போலியாக இருந்தால் பணம் போச்சு, அசலாக இருந்தால் அது திருட்டுப் பொருள்.

மதுரை, கல்லூரி மாணவர்: சார், குஷ் மன்னர்கள் எகிப்தையே ஆண்டார்கள் என்கிறார்கள். ஆதாரம் என்ன? அவர்களுடைய அறிவு மரபு என்று ஏதாவது உண்டா?

நல்ல கேள்வி தம்பி. 1862-இல் ஜெபல் பர்கலில் கிடைத்த பியேயின் வெற்றிக் கல்வெட்டைப் படியுங்கள். அசல் இப்போது கெய்ரோவில் இருக்கிறது. 159 வரிகள். கி.மு. 8-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அவர் வடக்கே படையெடுத்து ஒவ்வொரு ஊராகப் பிடித்த கதை அதில் இருக்கிறது. ஹெர்மோபோலிஸ் நகரை முற்றுகையிட்டு அடக்கிய பிறகு, தோற்ற மன்னனின் அரண்மனைக்குள் போகிறார். அந்தப்புரப் பெண்கள் வந்து வணங்குகிறார்கள், அவர் முகம் கொடுக்கவில்லை. நேரே குதிரை லாயத்துக்குப் போகிறார். முற்றுகையில் பட்டினி கிடந்த குதிரைகளைப் பார்த்ததும் கோபம் வருகிறது. நீ செய்த மற்றக் குற்றங்களைவிட இதுதான் என் நெஞ்சைச் சுடுகிறது என்கிற பொருளில் பேசுகிறார். அது வெறும் பேச்சு என்று நினைக்க வேண்டாம். எல் குர்ருவில் பியேவுக்கும் அவருக்குப் பின் வந்த மன்னர்களுக்கும் பக்கத்தில் 24 குதிரைகளை, அணிகலன்களோடு, நின்ற நிலையில் புதைத்திருக்கிறார்கள்.

அறிவு மரபு என்று கேட்டால் முதலில் ஷபாகா கல்லைச் சொல்வேன். ஷபாகா பியேயின் வம்சத்து மன்னர். மெம்ஃபிஸ் கோயிலில் முன்னோர் எழுதிய நூல் ஒன்றைப் பூச்சி அரித்திருந்ததாகவும், அது அழிந்துபோகாமல் இருக்கக் கருங்கல்லில் வெட்டிவைத்ததாகவும் அதில் சொல்கிறார். மூல நூல் உண்மையில் அவ்வளவு பழையதுதானா என்று இன்று விவாதம் உண்டு. ஆனால் உள்ளே இருக்கும் கருத்து வியக்கவைப்பது. ப்தா என்ற கடவுள் உலகத்தைக் கையால் செய்யவில்லை. நெஞ்சில் நினைத்தார், நாவால் சொன்னார், உலகம் உண்டானது. அந்தக் கல் லண்டனில் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. பிற்காலத்தில் யாரோ நடுவில் துளை போட்டு, சுற்றிலும் கோடுகள் செதுக்கி, அரைக்கும் வேலைக்குப் பயன்படுத்திவிட்டார்கள். நடுப்பகுதி எழுத்துகள் அதில் போய்விட்டன.

கோவை வாசகர்: நகா கோயிலில் மூன்று தலை, நான்கு கையோடு சிங்கமுகக் கடவுள் இருக்கிறார். இது நம் நரசிம்மர்தானே? தமிழர்கள் அங்கே போய்க் கட்டிய கோயில் என்று ஏன் ஒப்புக்கொள்ள மாட்டேன் என்கிறீர்கள்?

நகா மெரோவே அரசின் ஊர். அந்தக் கடவுளின் பெயர் அபெடமாக். கோயிலைக் கட்டியவர்கள் மன்னர் நட்டகமனியும் அரசி அமனிட்டோரேயும். காலம் கி.பி. முதல் நூற்றாண்டு. முன்வாசல் சுவரில் இருவரும் சம உயரத்தில் நின்று எதிரிகளை வீழ்த்துகிறார்கள். பெயர்கள் கல்லிலேயே இருக்கின்றன.

நீங்கள் சொல்லும் உருவம் பின்சுவரில் இருக்கிறது. இந்தியச் செல்வாக்கு என்று முன்பு ஆர்க்கெல் போன்ற ஆய்வாளர்களும் எழுதியதுண்டு. சிற்பம் முழுவதையும் பாருங்கள். ஒரு பக்கம் மன்னர் வருகிறார், மறுபக்கம் அரசி வருகிறார். கடவுள் இருவரையும் ஒரே நேரத்தில் வரவேற்க வேண்டும். ஒரு முகம் மன்னரை நோக்கி, ஒரு முகம் அரசியை நோக்கி, ஒரு முகம் நம்மை நோக்கி. கைகளும் அப்படியே இரண்டு பக்கமும் நீள்கின்றன. தட்டையான சுவரில் இதைக் காட்டச் சிற்பி கண்ட வழி அது. பக்கச் சுவர்களில் அதே அபெடமாக் ஒரே தலையோடுதான் நிற்கிறார்.

கோவை வாசகர் (மறுபடியும்): சிற்பிக்கு அந்த யோசனை எங்கிருந்து வந்தது? வணிகர்கள் மூலம் நம்மிடமிருந்து போயிருக்கலாமே?

‘போயிருக்கலாமே’ என்பதற்கு ஆதாரம் வேண்டும். அபெடமாக் திடீரென்று முளைத்தவர் அல்ல. நகாவுக்குப் பக்கத்தில் முசவ்வராத் என்ற இடத்தில் மன்னர் அர்னெகமனி கி.மு. 3-ஆம் நூற்றாண்டிலேயே அவருக்குக் கோயில் எடுத்திருக்கிறார். அங்கேயும் சிங்கத் தலை, மனித உடல். சிங்கம் அந்த மண்ணில் அலைந்த விலங்கு. மறுபக்கம் பாருங்கள்: தமிழ்நாட்டில் நமக்குக் கிடைக்கும் பல கைகள் கொண்ட கற்சிற்பங்கள் பல்லவர், பாண்டியர் குடைவரைக் காலத்தவை, நகாவுக்குப் பல நூற்றாண்டுகள் பிந்தியவை. முந்தியது பிந்தியதிலிருந்து எப்படி வரும்?

யாழ்ப்பாண வாசகர்: கோவைக்காரர் சொல்வதை நீங்கள் ஒரேயடியாகத் தள்ளுகிறீர்கள். ஆப்பிரிக்கக் கரையில் தமிழ் எழுத்துக் கிடைத்தது உண்மைதானே?

உண்மை. அதைச் சொல்வதில் எனக்கும் பெருமைதான். செங்கடல் கரையில் குசெய்ர் அல் காதிமில் ‘பானை ஒறி’ என்று தமிழ்ப் பிராமியில் எழுதிய ஓடு கிடைத்தது. பெரெனிகேயிலும் தமிழ்ப் பிராமி எழுத்துள்ள ஓடு உண்டு. அங்கே கோயில் வளாகத்தில் இந்தியச் சாடி ஒன்றில் 7.5 கிலோ மிளகு அப்படியே இருந்தது. இவை மண்ணடுக்கோடு கிடைத்த சான்றுகள், யாரும் மறுக்க முடியாது.

ஆனால் இரண்டும் ரோமானிய எகிப்தின் துறைமுகங்கள். நம் ஆட்கள் அங்கே சரக்கோடு வந்தார்கள் என்பது வரை அவை பேசும். அங்கிருந்து பாலைவனம் தாண்டி, வேறொரு அரசின் நாட்டுக்குள் போய்க் கோயில் கட்டினார்கள் என்று அவை பேசவில்லை.

எனக்கு இதில் ஏன் இவ்வளவு பிடிவாதம் என்றால், சூடானுக்கு இதே அநியாயம் முன்பும் நடந்தது. அமெரிக்கத் தொல்லியலாளர் ஜார்ஜ் ரைஸ்னர் 1913 முதல் 1916 வரை கெர்மாவைத் தோண்டினார். வேலையில் மிகக் கவனமானவர். 90 மீட்டர் விட்டமுள்ள கல்லறை மேட்டுக்குள் எகிப்திய ஆளுநர் ஒருவரின் சிலை கிடைத்ததும், அப்படியானால் கெர்மாவை ஆண்டவர் எகிப்தியர் என்று எழுதிவிட்டார். அந்தச் சிலையைக் கெர்மா மன்னர்தான் எகிப்திலிருந்து கொண்டுவந்தார் என்று பிறகுதான் புரிந்தது. 18 மீட்டர் உயரத்துக்கு இன்றும் நிற்கும் டெஃபுஃபா என்ற மண்செங்கல் கோயிலை எழுப்பிய மக்களுக்கு, அதைக் கட்டிய பெயர் கிடைக்க இத்தனை காலம் ஆனது. ஐரோப்பியர் செய்ததை நாம் தமிழில் திரும்பச் செய்ய வேண்டாம்.

கோவை வாசகர் (மூன்றாவது முறை): அப்படியானால் தாமரையிலிருந்து எழும் சிங்கமுகப் பாம்பு?

அதுவும் அபெடமாக்தான். மலரிலிருந்து எழுவது எகிப்தில் பழைய கற்பனை. இந்த விஷயத்தில் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன்.

திருநெல்வேலி வாசகர்: கிரேட் ஜிம்பாப்வே பற்றி?

என் துறை இல்லை, ஆனால் அதே கதை. 11 மீட்டர் வரை உயரும் சுற்றுச்சுவர், சுண்ணாம்பே இல்லாமல் கல்மேல் கல் அடுக்கியது. 1871-இல் அங்கே போன ஜெர்மானியப் பயணி கார்ல் மௌக் வாசல் மரத்தைச் சீவிப் பார்த்து, தன் பென்சில் மரத்து வாசம் வருகிறது, ஆகவே லெபனான் தேவதாரு, ஆகவே ஷீபா அரசி என்று முடிவுகட்டினார். அது உள்ளூர் மரம். தொல்லியலாளர்களான ராண்டல்-மெக்கைவர் 1905-இலும், கெர்ட்ரூட் கேட்டன்-தாம்சன் 1929-இலும் ஆப்பிரிக்கர் கட்டியதுதான் என்று தோண்டிக் காட்டினார்கள். அப்புறமும், அப்போது ரொடீசியா என்று அழைக்கப்பட்ட அந்நாட்டின் வெள்ளை அரசு அதை ஏற்க மறுத்தது. சோனா மக்களின் முன்னோர் கட்டியது.

பெங்களூர் வாசகர்: இஷாங்கோ எலும்பில் பகா எண்கள் இருக்கிறதாமே?

காங்கோவில் கிடைத்த அந்த எலும்பில் ஒரு பத்தியில் 11, 13, 17, 19 என்று கீறல்கள் இருக்கின்றன. இன்னொன்றில் 11, 21, 19, 9. இரண்டையும் தனித்தனியே கூட்டினால் 60 வரும். சுமார் 20,000 ஆண்டுப் பழைய, பத்து சென்டிமீட்டர் எலும்பு. யாரோ எதையோ கவனமாக எண்ணியிருக்கிறார்கள், அதுவே பெரிய விஷயம். பகா எண் என்பதற்கு வகுத்தல் தெரிந்திருக்க வேண்டும். அவ்வளவு தூரம் நான் போக மாட்டேன்.

ஈரோடு வாசகர்: வேற்றுக்கிரகவாசிகள்...

சேலம் வாசகருக்குச் சொன்ன பதில்தான்.

நெய்வேலி வாசகர்: நான் கார்ட்டூமில் வேலை பார்த்தவன். அங்கே அருங்காட்சியகத்தில் கல்கோயில்கள் இருந்தன. இப்போது என்ன நிலை?

அஸ்வான் அணை நீரில் மூழ்கவிருந்த புஹென், செம்னா போன்ற இடங்களின் கோயில்களைக் கழற்றிக் கொண்டுவந்து 1971-இல் திறந்த தேசிய அருங்காட்சியகத்தின் தோட்டத்தில் மறுபடி பொருத்தினார்கள். நீங்கள் பார்த்தது அதுதான். 2023 ஏப்ரலில் போர் தொடங்கிய பிறகு அந்த அருங்காட்சியகம் கொள்ளை போனது. கிட்டங்கியிலிருந்து தூக்கிப்போகக்கூடிய சிறு பொருள்கள்தான் முதலில் போகும். காரைக்குடி வாசகருக்குச் சொன்னதை எல்லோருக்கும் சொல்கிறேன்: கண்டெடுத்த இடம் எழுதப்படாத எந்தச் சூடான் பொருளையும் வாங்காதீர்கள், விற்பனைப் படங்களைப் பகிரவும் வேண்டாம்.

சென்னை வாசகர்: மெரோவே எழுத்தைத் தமிழ் வழியாகப் படித்துவிட்டதாக ஒரு காணொளி பார்த்தேன்.

எழுத்தைப் படிப்பது வேறு, மொழி புரிவது வேறு. 23 குறிகளின் ஒலியையும் பிரிட்டிஷ் எகிப்தியவியலாளர் கிரிஃபித் 1911 வாக்கிலேயே கண்டுபிடித்துவிட்டார். நம் எழுத்தில் ‘க’ என்று எழுதினால் ‘அ’ உள்ளேயே இருக்கிறதே, அங்கேயும் தனிக்குறி அப்படித்தான். வாய்விட்டுப் படிக்கலாம். மன்னர் பெயர், ஊர்ப் பெயர், இறந்தவருக்கு நீரும் ரொட்டியும் கேட்கும் வேண்டுதல் போன்றவை புரிகின்றன. நீண்ட கல்வெட்டுகள் புரியவில்லை. பிரெஞ்சு மொழியியலாளர் கிளாட் ரில்லி அந்த மொழியைச் சூடான் பகுதி மொழிகளோடு, நூபிய மொழியின் உறவாகச் சேர்க்கிறார். வழக்கமான சொற்களை ஒழுங்கான ஒலி மாற்றங்களோடு பொருத்திக் காட்டுவதால் அது எனக்கு ஏற்புடையது. காணொளிக்காரர் ஒரே ஒரு முழுக் கல்வெட்டை எடுத்து, ஒவ்வொரு சொல்லும் மற்றக் கல்வெட்டுகளிலும் அதே பொருளில் வருகிறதா என்று காட்டட்டும்.

புதுச்சேரி வாசகர்: அக்சும் தூண் ரோமில் இருந்ததாமே?

ஆம். 24 மீட்டர், ஒரே கல், மாடிவீடு போலக் கதவும் ஜன்னலும் செதுக்கியது. 1937-இல் முசோலினி ஆட்சி எடுத்துப்போனது. 2005-இல் மூன்று துண்டுகளாக விமானத்தில் எத்தியோப்பியா திரும்பியது. 2008-இல் நிறுத்தினார்கள்.

வேலூர் வாசகர்: டிம்பக்டு சுவடிகள்?

அவை அரபி எழுத்துச் சுவடிகள், மாலி நாடு, காலமும் பிந்தியது. அரபிச் சுவடியியல் படித்தவர்களிடம் கேளுங்கள்.