அப்பச்சியின் இலையும் உங்கள் ஃப்ரிட்ஜும்

கேள்வி: வீட்டில் ஒரு பருக்கை சிந்தினாலும் எங்கள் அப்பச்சிக்கு (அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) பொறுக்காது. அரிசி கழுவிய தண்ணீரைக்கூட "மண்டிக்கு எடுத்து வை" என்பார் (அந்தத் தண்ணீரில் செய்கிற எங்கள் பக்கத்துக் காய்ப் பதார்த்தம்தான் மண்டி). அதே மனிதர் கல்யாணப் பந்தியில் பாதி இலையை அப்படியே மூடிவிட்டு எழுகிறார். ஹோட்டலிலும் இதே கதைதான். கேட்டால், "துடைச்சு வச்ச மாதிரி சாப்பிட்டா காணாததைக் கண்டவன்னு நினைப்பாக. ஹோட்டல்லதான் காசு கொடுத்தாச்சுல்ல" என்கிறார். வீட்டில் நாங்கள் எதையும் வீணாக்குவதில்லை. இவருக்கு எப்படிப் புரியவைப்பது?
– தேவகோட்டை வாசகி

பதில்: அவர் கணக்கில் பிழையே இல்லை அம்மா. வீட்டில் போவது அவர் காசு, பந்தியில் போவது அடுத்தவர் காசு. அங்கே அவர் காப்பாற்றிக்கொள்வது கௌரவத்தை. சோறு எந்தப் பக்கத்து வரவிலும் இல்லை, அவ்வளவுதான்.

ஆனால் அவருக்கு எழுபது தாண்டியிருந்தால் கொஞ்சம் பொறுங்கள். 1965-இல் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி, திங்கட்கிழமை இரவுச் சாப்பாட்டை விட்டுக்கொடுங்கள் என்று நாட்டையே கேட்டுக்கொண்ட காலத்துப் பிள்ளை அவர். அரிசிக்கு அலைந்த தலைமுறைக்குத்தான் 'காணாததைக் கண்டவன்' என்ற சொல் சுருக்கென்று தைக்கும்.

பந்தியின் பாவத்தை அவர் தலையில் மட்டும் கட்டவும் முடியாது. முந்தின பந்தி எழுந்த சூட்டிலேயே இலை போட்டு, ஆள் வருமுன் இனிப்பு, வடை, கூட்டு, பொரியல், மண்டி என்று நிரப்பியாகிவிடுகிறது. சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவர் இலையிலும் பாதுஷா, பல் போன ஆயா இலையிலும் மொறுமொறு வடை. இலைக்கு இவ்வளவு என்று பேசி வந்த சமையல் காண்ட்ராக்டருக்கு, தின்றாலும் விட்டாலும் ஒன்றுதான். இலைக்குக் குறுக்கே கையை நீட்டிப் "போதும்" என்றாலும் விரலிடுக்கில் ஒரு கரண்டி விழும். ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே! மொய் நோட்டில் ஐம்பது ரூபாய்க்குக்கூடப் பெயரும் ஊரும் எழுதுகிற நம் பக்கத்துக் கல்யாணத்தில், குப்பைக்குப் போன சோற்றை எழுத ஒரு நோட்டுப் போட்டுப் பாருங்கள். 'எத்தனை அயிட்டம்' என்ற பெருமைப் பேச்சு பாதி அடங்கும்.

ஹோட்டல் விஷயம் இன்னும் வேடிக்கை. வீட்டுக்குப் பார்சல் வாங்க யாருக்கும் கூச்சமில்லை. மீந்த காடை வறுவலைக் கட்டித் தரச் சொல்ல மட்டும் நாக்கு எழுவதில்லை.

இனி உங்களிடம் வருகிறேன். 'வீட்டில் எதையும் வீணாக்குவதில்லை' என்று எழுதியிருக்கிறீர்களே, ஃப்ரிட்ஜைத் திறந்து பார்த்துவிட்டா எழுதினீர்கள்? ஐ.நா. சுற்றுச்சூழல் திட்ட அமைப்பு 2024-இல் வெளியிட்ட அறிக்கைப்படி, 2022-இல் உலகம் வீணாக்கிய உணவு சுமார் 105 கோடி டன். அதில் 60 சதவீதம் போனது வீடுகளிலிருந்து. ஹோட்டல், கேட்டரிங் எல்லாம் சேர்ந்தே 28 சதவீதம்தான். இந்திய வீடுகளில் தலைக்கு ஆண்டுக்கு 55 கிலோ என்கிறது அறிக்கை. தோல், எலும்பு எல்லாம் இதில் சேர்த்தி என்பது உண்மைதான், ஆனால் தோலும் எலும்பும் மட்டுமே 55 கிலோ வராது.

இன்று கொட்ட மனம் வராத சாம்பாரைச் சின்ன டப்பாவில் போட்டு மூன்று நாள் குளிரவைத்து, நான்காம் நாள் நிம்மதியாகக் கொட்டுகிறோம். ஃப்ரிட்ஜ் இல்லாத ஆச்சிகளுக்கு அந்த நிம்மதி கிடையாது. மீந்த சோற்றில் தண்ணீர் ஊற்றினார்கள், மீந்த குழம்பைச் சுண்டவைத்தார்கள், மிஞ்சிய காயை வற்றல் போட்டார்கள்.

அப்பச்சியை அடுத்த முகூர்த்தத்தில் பார்த்துக்கொள்ளலாம். பக்கத்தில் உட்கார்ந்து, பரிமாற வருகிறவரிடம் "அப்பச்சிக்கு இனிப்பு வேண்டாம், பொரியல் கேட்டுட்டு வைங்க" என்று நீங்களே முந்திக்கொள்ளுங்கள், அவர் கௌரவத்துக்கும் பங்கம் வராது. அதற்கு முன்னால், ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் புளித்துக்கிடக்கும் தோசை மாவை வெளியே எடுங்கள். வெங்காயமும் பச்சைமிளகாயும் வதக்கிப் போட்டு, இன்று சாயங்காலமே காரப் பணியாரம் ஊற்றிவிடுங்கள்.