ஏற முடியாத வேனுக்கு ஒன்றரை லட்சம் பிடித்தமா?

கேள்வி: வக்கீல் சார், வணக்கம். உச்சிப்புளியில் குடியிருக்கிறேன். ராமேஸ்வரத்தில் ஒரு மத்திய அரசு அலுவலகத்தில் லெவல் 4 எழுத்தர், குரூப் சி. சின்ன வயதில் போலியோ வந்து இடது காலில் காலிப்பர் போட்டிருக்கிறேன். 60 சதவீதச் சான்று இருப்பதால் போக்குவரத்துப் படி இரட்டிப்பாக வருகிறது. 2022 டிசம்பரில் பழைய பாம்பன் பாலத்தில் ரயிலை நிறுத்திவிட்டதால், 2023 ஜனவரி முதல் அலுவலகத்தில் ராமநாதபுரத்திலிருந்து ஒரு வேன் விட்டார்கள். புதுப் பாலம் திறந்த 2025 ஏப்ரலோடு அது நின்றது. அந்த வேனில் நான் ஏறியது இரண்டே நாள். படி முழங்கால் உயரம். இரண்டு பேர் தூக்கித்தான் ஏற்றினார்கள். கூச்சமாகிவிட்டது, அப்புறம் ஆட்டோவும் பஸ்ஸும்தான். இப்போது அந்த 28 மாதப் படியையும், ஆபரேஷனுக்காக 2022 மார்ச் 12 முதல் மே 20 வரை மருத்துவ விடுப்பில் இருந்ததற்கு மூன்று மாதப் படியையும் சேர்த்து 1,64,448 ரூபாய் பிடிக்கச் சொல்லி மெமோ கொடுத்திருக்கிறார்கள். தணிக்கை ஆட்சேபமாம். அடுத்த மாதமே பிடித்தம் என்கிறார்கள். பஸ் டிக்கெட் எல்லாம் வைத்திருக்கிறீர்களா என்று வேறு கேட்கிறார்கள். நான் என்ன செய்வது?

பதில்: முதலில் டிக்கெட் விஷயம். ஒரு டிக்கெட்டும் காட்ட வேண்டாம். போக்குவரத்துப் படி என்பது செலவுக் கணக்குக் காட்டி வாங்கும் பணம் அல்ல. நடந்தே போனாலும் படி உண்டு. 2017 ஜூலையில் மத்திய நிதி அமைச்சகம் போட்ட உத்தரவின்படி லெவல் 3 முதல் 8 வரை மாதம் 1,800 ரூபாய், அதன் மேல் அகவிலைப்படி. சென்னை, கோயம்புத்தூர் உட்பட 19 நகரங்களில் மட்டும் இது 3,600. ராமேஸ்வரம் அதில் இல்லை. கால் பாதிப்புள்ளவர் என்பதால் உங்களுக்கு 1,800 இரட்டிப்பாகி 3,600 வருகிறது. அகவிலைப்படி 42 சதவீதமாக இருந்த 2023 முதல் பாதியில் மாதம் 5,112 ரூபாய். இப்படி அரையாண்டு அரையாண்டாகப் போட்டுப் பார்த்தேன். 28 மாதத்துக்கு 1,49,976 வருகிறது. அவர்கள் கூட்டலில் பிழை இல்லை.

விடுப்பு மாதங்களில்தான் பிழை இருக்கிறது. ஒரு காலண்டர் மாதம் முழுக்க விடுப்பில் இருந்தால்தான் படி கிடையாது. நீங்கள் மார்ச்சில் 11 நாளும் மே மாதத்தில் 20-ஆம் தேதிக்குப் பிறகும் பணியில் இருந்திருக்கிறீர்கள். அந்த இரண்டு மாதமும் உங்களுடையது. ஏப்ரல் உங்களுடையது அல்ல. அதற்கு அன்றைய 34 சதவீத அகவிலைப்படியோடு 4,824 ரூபாய். அதற்காகச் சண்டை போடாதீர்கள். “அதைக் கட்டத் தயார்” என்று பதிலில் எழுதிவிடுங்கள். ஒரு தப்பை ஒத்துக்கொண்டவரின் மற்ற வாதத்தைக் காது கொடுத்துக் கேட்பார்கள். இது சட்டத்தில் இல்லை, என் அனுபவம்.

இனி வேன். அரசு வாகன வசதி அளிக்கப்பட்டவருக்குப் படி கிடையாது என்று அதே உத்தரவு சொல்கிறது. தணிக்கை இதைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறது. ஏற முடியாத வண்டி எப்படி வசதியாகும் என்று கேட்கலாம். மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016-ன் 20-ஆம் பிரிவு, அரசு நிறுவனம் தன் ஊழியருக்குத் தடையில்லாத சூழலையும் நியாயமான மாற்று ஏற்பாட்டையும் செய்து தர வேண்டும் என்கிறது. படியைக்கூடத் தாழ்த்தாத வேனை உங்கள் கணக்கில் வசதி என்று எழுதுவது அதற்கு நேர் எதிர். நல்ல வாதம்தான். ஆனால் ஜெயிக்கும் என்று எழுதிக் கொடுக்க மாட்டேன். அந்த இரண்டு நாளை மறைக்கவும் வேண்டாம். ஏன் இறங்கிக்கொண்டீர்கள் என்பதற்கு அதுதான் சாட்சி.

ஆகவே உங்கள் பதிலில் இதை முன்னால் வைக்காதீர்கள். படி வாங்க உரிமை இருந்ததா என்பது ஒரு கேள்வி. உரிமை இல்லாமலே கொடுத்திருந்தாலும் இப்போது திரும்பப் பிடிக்கலாமா என்பது வேறு கேள்வி. உங்கள் பலம் இரண்டாவதில் இருக்கிறது. 2014 டிசம்பர் 18 அன்று ரஃபீக் மஸீஹ் வழக்கில் உச்ச நீதிமன்றம், ஊழியரின் தவறில்லாமல் தவறுதலாக அதிகம் கொடுத்துவிட்ட பணத்தை எந்தெந்த நிலைகளில் பிடிக்கக் கூடாது என்று ஐந்து சொன்னது. அதில் முதலாவது குரூப் சி, குரூப் டி ஊழியர்கள். ஐந்து ஆண்டுக்கு மேல் போன பணம் என்பதும் ஒன்று, ஆனால் வேன் காலம் அதற்குள்தான் வருகிறது, அதை நம்பாதீர்கள். முதலாவதே போதும்.

“தள்ளுபடி செய்ய எனக்கு அதிகாரம் இல்லை” என்று சம்பளம் போடும் அதிகாரி சொல்லுவார். அது உண்மையும்கூட. 2016 மார்ச் 2 அன்று மத்திய பணியாளர் துறை போட்ட உத்தரவின்படி, தள்ளுபடிக்கு மத்திய நிதி அமைச்சகத்தின் செலவினத் துறை ஒப்புதல் தர வேண்டும். அதனால் “தள்ளுபடி செய்யுங்கள்” என்று மட்டும் எழுதி நிறுத்தாமல், அந்தத் தீர்ப்பையும் உத்தரவையும் குறிப்பிட்டு, ஒப்புதலுக்கு மேலே அனுப்பச் சொல்லுங்கள். முடிவு வரும்வரை பிடித்தம் வேண்டாம் என்றும் கேளுங்கள். விளக்கம் கேட்காமல் நேரடியாகப் பிடிக்கச் சொன்ன மெமோ என்றால், 1994-ல் பகவான் சுக்லா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதையும் சேருங்கள்: ஊழியரைக் கேட்காமல் அவர் சம்பளத்தில் கை வைக்கக் கூடாது.

இவ்வளவையும் கவிழ்க்கக்கூடியது ஒன்றுண்டு: நீங்கள் போட்ட கையெழுத்து. “அலுவலக வாகனம் பயன்படுத்தவில்லை” என்று வருடா வருடம் ஏதாவது உறுதிமொழி கொடுத்தீர்களா? அதில் ஏறிய இரண்டு நாளை விட்டிருந்தால் அதைப் பொய் என்பார்கள். ஏழாவது சம்பளக் குழுவுக்கு விருப்பம் தெரிவித்தபோது, அதிகம் வந்தால் திருப்பித் தருகிறேன் என்று எழுதியிருப்பீர்கள். 2016-ல் ஜக்தேவ் சிங் வழக்கில் ஒரு நீதிபதியையே அப்படிப்பட்ட எழுத்து கட்டிப்போட்டது. உங்களுடையது சம்பள நிர்ணயத்துக்கானது, படிக்கு வராது என்று வாதாடலாம். எதுவானாலும் பணிப் பதிவேட்டில் உள்ள அந்தத் தாள்களின் நகல் முதலில் கைக்கு வரட்டும். “வேன் எனக்கு ஒத்துவராது” என்று எப்போதாவது கடிதம் கொடுத்து முத்திரை வாங்கியிருந்தால் அது தங்கம்.

அலுவலகத்தின் குறைதீர் அதிகாரியிடமும் அதே மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் 23-ஆம் பிரிவின் கீழ் மனுக் கொடுங்கள், இரண்டு வாரத்தில் விசாரிக்க வேண்டும். எதுவும் நடக்காவிட்டால் மத்திய நிர்வாகத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வு. கட்டணம் 50 ரூபாய். சாதாரணமாக மனு கொடுத்து ஆறு மாதம் பார்க்க வேண்டும். தீர்ப்பாயச் சட்டத்தில் உள்ள அந்த ‘சாதாரணமாக’ என்ற சொல்லே, பிடித்தம் தொடங்கிவிட்டால் முன்கூட்டியே போக வழி விடுகிறது. இறுதி உத்தரவு வந்தால் ஒரு வருடத்துக்குள் போய்விட வேண்டும்.

இதைப் படிக்கும் தொண்டி, சாயல்குடி பக்கத்து ஆசிரியர்கள் இந்தக் கணக்கைத் தங்களுக்குப் போட்டுப் பார்க்க வேண்டாம். மாநில அரசில் எல்லோருக்குமான போக்குவரத்துப் படி இல்லை. மாற்றுத்திறனாளிகளுக்கு மாதம் 2,500 ரூபாய் ஊர்திப்படி உண்டு, வழக்கு என்றால் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை.

உங்களைத் தூக்கி ஏற்றிய அந்த இரண்டு பேர் இன்னும் அங்கேதான் வேலை பார்க்கிறார்களா? வேனும் போய்விட்டது, படியின் உயரத்தை இனி யாரும் அளக்க முடியாது. மெமோவுக்குப் பதில் எழுத உட்காரும் முன், அவர்களிடம் ஆளுக்கு ஒரு பக்கம் எழுதி, தேதியோடு கையெழுத்து வாங்கிவிடுங்கள்.